ஹிண்டன்பர்க் எரிந்தது விபத்தா, நாசவேலையா? 34 விநாடிகளும் 4 கேள்விகளும்

அந்தக் காட்சியை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சுருட்டு வடிவத்தில், வெள்ளி நிறத்தில் ஒரு ராட்சத ஆகாயக் கப்பல் தரையிறங்கத் தாழ்ந்து வருகிறது. வால் பக்கம் தீப்பிடிக்கிறது. அடுத்த அரை நிமிடத்தில் வெறும் எலும்புக்கூடாகத் தரையில் கிடக்கிறது. பின்னணியில் ஒரு வானொலி அறிவிப்பாளர் குரல் உடைந்து அழுகிறார்.

அதுதான் ஹிண்டன்பர்க். நாள்: 1937 மே 6. இடம்: அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், லேக்ஹர்ஸ்ட் கடற்படை விமானத் தளம்.

கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் ஆகப் போகிறது. ஆனாலும் "குண்டு வைத்தது யார்?" என்ற கேள்வி ஓயவில்லை. புத்தகங்கள் வந்தன, ஹாலிவுட் படம் வந்தது, ஒரு வழக்கு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. விபத்தில் இறந்துபோன ஒரு ஊழியரின் பெயர், 25 ஆண்டுகள் கழித்து, குற்றவாளியாக அச்சில் ஏறியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நாசவேலை நடந்திருக்கவே முடியாது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கையில் இருக்கும் ஆதாரங்கள் விபத்தின் பக்கமே சாய்கின்றன. எப்படி எடை போட்டு அந்த முடிவுக்கு வருகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், அடுத்து எங்காவது ஒரு பெரிய விபத்து நடந்தால், முதல் பத்து நிமிடத்திலேயே உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வரப்போவது இதே கேள்விதான்.

முதலில், என்ன நடந்தது?

ஹிண்டன்பர்க்கின் நீளம் 245 மீட்டர். இரண்டு கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் வைத்தாலும் அதைவிடப் பெரியது. உள்ளே 16 வாயுப் பைகள். அவற்றில் சுமார் 2 லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன். காற்றைவிட மிக லேசான வாயு என்பதால் கப்பலைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் எளிதில் தீப்பற்றும்.

தீப்பற்றாத ஹீலியத்தை வைத்துப் பறக்கத்தான் முதலில் இதை வடிவமைத்தார்கள். அன்று ஹீலியம் பெரிய அளவில் கிடைத்தது அமெரிக்காவில் மட்டும். அதை ஏற்றுமதி செய்ய அமெரிக்கச் சட்டம் தடை போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஜெர்மானியர்கள் ஹைட்ரஜனையே நிரப்பினார்கள்.

மே 3 மாலை பிராங்க்பர்ட்டில் இருந்து கிளம்பியது. கப்பலில் 97 பேர்: 36 பயணிகள், 61 ஊழியர்கள். மே 6 காலையில் லேக்ஹர்ஸ்ட் வந்திருக்க வேண்டும். எதிர்க்காற்றால் தாமதம். மதியம் வந்தபோது இடி மழை. கேப்டன் மாக்ஸ் புரூஸ் கடற்கரைப் பக்கம் சுற்றிக்கொண்டே காத்திருந்தார். மாலை 6 மணிக்கு மேல்தான் "இறங்கலாம்" என்று தளத்தில் இருந்து தகவல் வந்தது.

இரவு 7:21. சுமார் 90 மீட்டர் உயரத்தில் இருந்து வடக்கயிறுகளைக் கீழே விட்டார்கள். தரையில் நின்றவர்கள் அவற்றைப் பிடித்தார்கள். லேசான தூறல்.

7:25. மேல் வால் சிறகுக்குச் சற்று முன்னால், கப்பலின் முதுகில் தீ. சுமார் 34 விநாடிகளில் மொத்தக் கப்பலும் தரையில்.

இறந்தவர்கள் 36 பேர்: 13 பயணிகள், 22 ஊழியர்கள், தரையில் நின்ற ஒருவர். அந்தக் காட்சியைப் பார்த்தால் நம்ப முடியாது, ஆனால் கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் பிழைத்தார்கள்.

நாசவேலை சந்தேகம் எங்கிருந்து வந்தது?

சந்தேகப்பட்டவர்களைக் கிறுக்கர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களிடம் காரணங்கள் இருந்தன.

ஒன்று, அரசியல். கப்பலின் வால் சிறகுகளில் பெரிய ஸ்வஸ்திகா. 1936 மார்ச்சில் ஹிட்லருக்கு ஆதரவாகப் பிரசாரப் பறப்பு, ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்துக்கு மேல் பறப்பு. நாஜி ஆட்சியை வெறுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய இலக்கு கிடையாது.

இரண்டு, மிரட்டல் கடிதங்கள். இந்தப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, அமெரிக்காவின் மில்வாக்கியில் இருந்து ஒரு பெண், வாஷிங்டனில் உள்ள ஜெர்மன் தூதரகத்துக்கு எழுதினார். கப்பல் டைம் பாம் வைத்துத் தகர்க்கப்படும், தபால் பைகளைச் சோதியுங்கள் என்பது அதன் சாரம். பிராங்க்பர்ட்டில் பயணிகளின் உடைமைகளைத் துருவிச் சோதித்தார்கள்.

மூன்று, பழைய சாதனை. இதற்கு முந்தைய கப்பலான கிராஃப் செப்பலின், அதே ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு 590 முறை பறந்தது. 16 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். ஒரு பயணிக்குக்கூடக் காயம் இல்லை. ஹிண்டன்பர்க்கும் 1936-ல் மட்டும் 10 முறை அமெரிக்கா போய்த் திரும்பியது. "இவ்வளவு நாள் எரியாதது இன்றைக்கு மட்டும் ஏன் எரிந்தது?" என்ற கேள்வி நியாயமானதே.

நான்கு, சொன்னவர்கள் யார் என்பது. கேப்டன் புரூஸ் கடைசிவரை இது நாசவேலை என்றே நம்பினார். லேக்ஹர்ஸ்ட் தளத்தின் தலைவர் சார்லஸ் ரோசன்டாலும் அப்படியே. இருவரும் ஆகாயக் கப்பல் தெரிந்தவர்கள். புரூஸ் எரியும் கப்பலுக்குள் ஆட்களைத் தேடித் திரும்பப் போய், பலத்த தீக்காயம் பட்டவர். அவர் பேச்சை எடுத்த எடுப்பில் தள்ள முடியாது.

சரி, அப்போ யார் மீது சந்தேகம்?

முதல் சந்தேகம் ஒரு பயணி மீது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மேடை வித்தைக் கலைஞர். தன் நாயைக் கொண்டுவந்திருந்தார். நாய், கப்பலின் பின்பகுதியில் கூண்டில் இருந்தது. அதற்குத் தீனி வைக்க அவ்வப்போது அந்தப் பக்கம் போய் வந்தார். துணைக்கு ஆள் இல்லாமல் பின்பகுதிக்குப் போனார், கம்பிகளில் ஏறத் தெரிந்தவர், இவ்வளவுதான் அவருக்கு எதிரான "ஆதாரம்". எஃப்.பி.ஐ. விசாரித்தது. எதுவும் கிடைக்கவில்லை. அவர் ஜன்னல் வழியே தொங்கிக் குதித்து உயிர் தப்பினார். நாய் இறந்துபோனது.

இரண்டாவது சந்தேகம்தான் நிலைத்துவிட்டது. பெயர் எரிக் ஸ்பேல். வயது இருபதுகளில். வாயுப் பைகளையும் மேல்துணியையும் பராமரிக்கும் ஊழியர். 1962-ல் ஏ.ஏ. ஹோலிங் என்ற எழுத்தாளர் தன் புத்தகத்தில் இவரைத்தான் குற்றவாளி என்றார். அவர் அடுக்கிய காரணங்கள் இவை:

• தீ தொடங்கியதாகச் சொல்லப்படும் 4-வது வாயுப் பைப் பக்கம், ஸ்பேல் வழக்கமாக வேலை பார்க்கும் இடம்.
• அவருடைய தோழி நாஜி எதிர்ப்பாளர்.
• அவருக்குப் போட்டோ எடுப்பதில் ஆர்வம். பிளாஷ் பல்பு பற்றித் தெரியும்.
• கீழ் வால் சிறகில் இருந்த ஒரு ஊழியர், 4-வது பைக்குள் திடீர் வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். அது பிளாஷ் பல்பு போன்ற வெளிச்சமாக இருக்கலாம்.
• சிதைவுகளில் ஒரு மஞ்சள் நிறப் பொருள் கிடைத்தது. சிறிய பேட்டரி ஒன்றின் மிச்சமாக இருக்கலாம்.

1972-ல் மைக்கேல் மூனி எழுதிய இன்னொரு புத்தகம் இதே ஸ்பேலைக் கைகாட்டியது. 1975-ல் அதை வைத்து ராபர்ட் வைஸ் இயக்கத்தில் ஹாலிவுட் படம் வந்தது. அதில் பெயரை மாற்றி, குண்டு வைக்கும் இளைஞனாகவே காட்டினார்கள்.

எதிர்வாதம் சொல்ல ஸ்பேல் உயிரோடு இல்லை. தீக்காயங்களால் லேக்ஹர்ஸ்ட் தளத்திலேயே இறந்தவர்.

விபத்து என்றால் எப்படி?

அமெரிக்க வர்த்தகத் துறை 1937-லேயே விசாரணை நடத்தியது. ஜெர்மனியும் தனியாக ஒரு குழு அமைத்தது. இரண்டும் வந்து சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஹைட்ரஜன் கசிந்து காற்றோடு கலந்தது, நிலைமின்சாரத்தால் அது தீப்பற்றியது. நாசவேலைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஜெர்மன் குழு, அதை முழுமையாக மறுக்கவும் ஆதாரம் இல்லை என்ற அளவில் ஒரு கதவை லேசாகத் திறந்து வைத்தது.

இதில் இரண்டு படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1, கசிவு. தரையிறங்கும் முன் கப்பலின் வால் பக்கம் கனத்துத் தாழ்ந்தது. அதைச் சமன் செய்ய மூன்று தடவையாக மொத்தம் 1,100 கிலோ தண்ணீரைப் பின்பகுதியில் இருந்து கொட்டினார்கள். அதுவும் போதாமல், எடைக்காக 6 ஊழியர்களை மூக்குப் பகுதிக்கு அனுப்பினார்கள். பின்னால் ஒரு பையில் ஹைட்ரஜன் குறைந்துகொண்டே வந்தால் இப்படித்தான் நடக்கும். தரையில் இருந்த ஒருவர், தீக்கு முன்பே வால் பக்கம் மேல்துணி படபடத்ததைப் பார்த்ததாகச் சொன்னார்.

கசிவு எப்படி வந்திருக்கும்? செப்பலின் நிறுவனத்தின் தலைவர் ஹ்யூகோ எக்கனர் ஒரு விளக்கம் தந்தார். காற்று திசை மாறியதால் கடைசி நிமிடங்களில் கப்பலை மிகக் கூர்மையாகத் திருப்பினார்கள். அந்த அழுத்தத்தில் சட்டகத்தை இறுக்கிப் பிடிக்கும் கம்பிகளில் ஒன்று அறுந்து, பையைக் கிழித்திருக்கலாம்.

படி 2, தீப்பொறி. குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று சத்தம் வருமே, அதே சங்கதிதான், பெரிய அளவில். இடிமேகங்களுக்கு நடுவே பறந்த கப்பலில் மின்னூட்டம் ஏறியிருந்தது. வடக்கயிறு தரையைத் தொட்டதும் உள்ளே இருந்த உலோகச் சட்டகத்துக்குத் தரையோடு தொடர்பு கிடைத்தது. ஆனால் மேல்துணிக்கும் சட்டகத்துக்கும் இடையே மின்சாரம் எளிதாகப் பாயாது. ஆக, துணியில் ஒரு மின்னழுத்தம், சட்டகத்தில் வேறொன்று. இடைவெளியில் பொறி பறந்தது.

எவ்வளவு பெரிய பொறி வேண்டும்? காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் இருந்தால் தீப்பிடிக்கும். அதற்கு வேண்டிய ஆற்றல் சுமார் 0.02 மில்லிஜூல். பெட்ரோல் ஆவிக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத பொறியே போதும்.

நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய மூன்றாவது வாதம், மேல்துணிக்கு அடித்த பெயின்ட்தான் காரணம் என்பது. 1990-களில் நாசாவின் முன்னாள் பொறியாளர் அடிசன் பெய்ன் இதைப் பிரபலமாக்கினார். இதைச் சோதித்த மற்ற ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். துணி மட்டுமே எரிந்தால் கப்பல் முழுவதும் எரிய சுமார் 40 மணி நேரம் ஆகும். எரிந்ததோ அரை நிமிடத்தில். துணிக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் எரிபொருள் ஹைட்ரஜன்தான்.

இப்போது எடை போடலாம்: 4 கேள்விகள்

கேள்வி 1: நேரம் யாருக்குப் பொருந்துகிறது?

கப்பல் 75 மணி நேரத்துக்கும் மேல் வானத்தில் இருந்தது. அதாவது 4,500 நிமிடங்களுக்கு மேல். தீப்பிடித்தது, ஈரக் கயிறு தரையைத் தொட்ட 4 நிமிடத்தில். குண்டு எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்றால், சரியாக அந்த 4 நிமிடத்துக்குள் வெடிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு.

கொஞ்சம் நில்லுங்க, இது நாசவேலைத் தரப்புக்கு நியாயமான கணக்கு இல்லை. குண்டு வைத்தவர் உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க, இறங்கிய பிறகு வெடிக்கட்டும் என்று திட்டமிட்டிருக்கலாம். ஹோலிங்கின் வாதமும் அதுதான். அப்படியே வைத்துக்கொள்வோம். இறங்கும் நேரத்தை ஒட்டிய ஒரு மணி நேரத்துக்குள் எப்போதாவது வெடிக்கும்படி வைத்தார் என்றாலும், 60 நிமிடத்தில் 4 நிமிடம். அதாவது 15-ல் ஒன்று.

அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. காலையில் இறங்க வேண்டிய கப்பல், சுமார் 12 மணி நேரம் தாமதம். இறங்கும் நேரம் உறுதியானதே கடைசி ஒரு மணி நேரத்தில். பயணிகளைக் காப்பாற்ற நினைத்தவர், இவ்வளவு தெரிந்தும் டைமரைத் தள்ளி வைக்காமல், கப்பலின் மூக்குப் பகுதியில் போய் நின்றிருக்க வேண்டும். ஸ்பேல் அந்த நேரத்தில் நின்றது அங்கேதான். அங்கிருந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்தார்கள்.

நிலைமின்சார விளக்கத்துக்கு இந்த 4 நிமிடம் தற்செயலே இல்லை. அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சி 2021-ல் ஒளிபரப்பிய நோவா ஆவணப்படத்துக்காக, கால்டெக் பேராசிரியர் கான்ஸ்டன்டினோஸ் ஜியாபிஸ் இதைச் சோதனை செய்தார். சட்டகத்துக்குத் தரைத்தொடர்பு கிடைத்த பிறகு, துணியும் சட்டகமும் ஒரு கெபாசிட்டர் போல வேலை செய்யும். பொறி பறக்கும் அளவுக்கு மின்னூட்டம் சேர, சில நிமிடம் ஆகும். "கயிறு தொட்டதுமே ஏன் எரியவில்லை?" என்று விபத்துத் தரப்பைப் பார்த்து நீண்ட காலம் கேட்கப்பட்ட கேள்விக்கு அது ஒரு பதில்.

கேள்வி 2: குண்டு இருந்தால் என்ன மிஞ்சியிருக்க வேண்டும்?

பிளாஷ் பல்போ, டைமரோ, பேட்டரியோ, ஏதாவது ஒன்றின் அடையாளம் காணக்கூடிய பாகம். கிடைத்ததாகச் சொல்லப்படுவது ஒரு மஞ்சள் பொருள் மட்டும். அது பேட்டரியின் மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும், 97 பேர் பயணித்த கப்பலில் டார்ச் லைட் பேட்டரி இல்லாமலா இருந்திருக்கும்? பேட்டரி இருந்தது என்பதும் குண்டு இருந்தது என்பதும் வேறு வேறு.

அந்த ஊழியர் பார்த்த வெளிச்சமும் இப்படித்தான். ஹைட்ரஜன் நிறைந்த பைக்குப் பின்னால் தீப்பிடித்தால், உள்ளே இருந்து பார்ப்பவருக்கு முதலில் வெளிச்சம்தான் தெரியும். அவர்கள் கேட்ட சத்தமும் பெரிய வெடிச்சத்தம் இல்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது வருமே, அதுபோன்ற அமுங்கிய சத்தம். இந்தச் சாட்சியம் இரண்டு கதைகளோடும் ஒத்துப்போகிறது. இரண்டோடும் ஒத்துப்போகும் சாட்சியம் எந்தத் தட்டையும் கீழே இறக்காது.

கேள்வி 3: சொல்பவருக்கு அதில் என்ன இருக்கிறது?

இது கொஞ்சம் சங்கடமான கேள்வி. ஆனால் கேட்டாக வேண்டும்.

விபத்து என்றால், கூர்மையாகத் திருப்பிய முடிவுக்குக் கேப்டன் புரூஸ் பதில் சொல்ல வேண்டும். இடிமழைக்குப் பின் "இறங்குங்கள்" என்று சொன்னவர் ரோசன்டால். ஆகாயக் கப்பல்களுக்காகவே வாழ்நாளெல்லாம் வாதாடியவரும் அவர்தான். நாசவேலை என்றால் இருவர் மீதும் பழி இல்லை, தொழில்நுட்பத்தின் மீதும் பழி இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. மனிதர்கள் தங்களைக் குற்றம் சாட்டாத விளக்கத்தை எளிதாக நம்புவார்கள், அவ்வளவுதான்.

இப்போது எக்கனரைப் பாருங்கள். செய்தி கேட்டதும் நாசவேலையாக இருக்கலாம் என்று முதலில் சொன்னவரே அவர்தான். மிரட்டல் கடிதங்கள் அவருக்குத் தெரியும். நாசவேலை என்று முடிந்தால் மிக அதிகமாக லாபமடையப் போவதும் அவருடைய நிறுவனம்தான். அப்படியிருந்தும், அமெரிக்கா வந்து சாட்சியங்களைக் கேட்ட பிறகு, கசிவும் பொறியும்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். தன் கப்பலும் தன் ஆட்களும் சம்பந்தப்பட்ட தவறு என்று ஒப்புக்கொள்ளும் முடிவு அது. தனக்கு நஷ்டம் தரும் உண்மையைச் சொல்பவரின் பேச்சுக்கு எடை கூடுதல்.

"இரண்டு அரசுகளும் சேர்ந்து மூடி மறைத்துவிட்டன" என்ற வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். எதிர்ப்பாளர்கள் தன் கப்பலை எரித்தார்கள் என்பது நாஜி அரசுக்கு அவமானம், அதனால் மறைத்தது என்கிறார்கள். அதே நாஜி அரசுக்கு, எதிரிகள் மீது பழிபோட அது ஒரு பொன்னான வாய்ப்பு என்றும் சொல்லலாம். நோக்கத்தை மட்டும் வைத்துப் பேசினால் இரண்டு பக்கமும் இப்படிக் கதை கட்ட முடியும். எஃப்.பி.ஐ. கோப்புகள் பொதுவெளிக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவற்றிலும் நாசவேலைக்கான ஆதாரம் இல்லை.

கேள்வி 4: சதி இல்லாமலே இது நடக்கக்கூடியதா?

டேட்டாவோடு வேலை செய்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. ஹிண்டன்பர்க்குக்கு முந்தைய 16 ஆண்டுகளில் அழிந்த பெரிய ஆகாயக் கப்பல்களில் சில:

• 1921, ஆர்38, இங்கிலாந்து. சோதனையில் கூர்மையாகத் திருப்பியபோது உடைந்தது. 44 பேர் பலி.
• 1922, ரோமா, அமெரிக்கா. மின்கம்பிகளில் மோதி எரிந்தது. 34 பேர் பலி.
• 1923, டிக்ஸ்மூட், பிரான்ஸ். சிசிலி அருகே புயலில் அழிந்தது. யாரும் பிழைக்கவில்லை.
• 1925, ஷெனன்டோவா, அமெரிக்கா. புயலில் உடைந்தது. 14 பேர் பலி.
• 1930, ஆர்101, பிரிட்டன். பிரான்ஸில் விழுந்து எரிந்தது. 48 பேர் பலி.
• 1933, ஆக்ரன், அமெரிக்கா. புயலில் கடலில் விழுந்தது. 73 பேர் பலி.
• 1935, மேக்கன், அமெரிக்கா. சேதமடைந்த வால் சிறகு புயல் காற்றில் உடைந்தது. 2 பேர் பலி.

ஏழு கப்பல்கள். எதையும் வீழ்த்த குண்டு தேவைப்படவில்லை. ஷெனன்டோவா, ஆக்ரன், மேக்கன் மூன்றும் ஹீலியத்தில் பறந்தவை. ஆர்101 கிளம்பியது பிரிக்கப்படாத இந்தியாவின் கராச்சிக்கு வர. வந்து சேரவே இல்லை.

ஹிண்டன்பர்க்கைவிட ஆர்101-ல் இறந்தவர்கள் அதிகம். ஆக்ரனில் இரண்டு மடங்கு. ஆனால் உங்களுக்கு ஆக்ரன் பெயர் தெரியுமா? அது இரவில், நடுக்கடலில், கேமரா இல்லாமல் விழுந்தது. ஹிண்டன்பர்க்கைப் படமெடுக்க நியூஸ்ரீல் கேமராக்கள் தளத்தில் காத்திருந்தன. கண்ணால் பார்த்த பேரழிவுக்கு, அதே அளவுக்குப் பெரிய காரணம் ஒன்று இருக்க வேண்டும் என்று மனசு எதிர்பார்க்கிறது. ஒரு அறுந்த கம்பியும் ஒரு சின்னப் பொறியும் என்றால் ஏற்க மறுக்கிறது.

அப்போ "590 முறை எரியவில்லையே" என்ற வாதம்? கசிவும், இடிமேக வானிலையும், தரையைத் தொட்ட கயிறும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். அது அபூர்வம்தான். அபூர்வமானது பல நாள் நடக்காமல் இருந்தது, அது நடக்கவே நடக்காது என்பதற்கு ஆதாரமாகாது. அதோடு அன்று அவசரமும் இருந்தது. திரும்பும் பயணத்தில், லண்டனில் மே 12 அன்று நடக்கவிருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குப் போகும் பயணிகள் காத்திருந்தார்கள். ஏற்கெனவே 12 மணி நேரத் தாமதம்.

விபத்துத் தரப்பில் ஓட்டையே இல்லையா?

இருக்கிறது. தீ தொடங்கிய அந்த முதல் நொடி எந்த கேமராவிலும் பதிவாகவில்லை. கசிவு அறுந்த கம்பியாலா, வேறு கோளாறாலா என்பதை நிரூபிக்கும் துண்டு எதுவும் சிதைவுகளில் கிடைக்கவில்லை. அதனால்தான் விசாரணை அறிக்கைகளே, இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்லாமல், இதற்கே வாய்ப்பு அதிகம் என்ற மொழியில் பேசுகின்றன.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். விபத்துத் தரப்பிடம் வால் கனத்தது, தண்ணீர் கொட்டியது, இடிமழை, ஈரக் கயிறு, 4 நிமிடம் என்று அன்று உண்மையிலேயே பதிவான விஷயங்கள் இருக்கின்றன. நாசவேலைத் தரப்பிடம் யாருக்கு வெறுப்பு இருந்தது, யாரால் செய்திருக்க முடியும் என்பது மட்டுமே இருக்கிறது. கப்பலின் வால் ஏன் கனத்தது என்று கேட்டால் குண்டுக் கதையிடம் பதில் இல்லை. பின்பகுதியில் குண்டு வைத்திருந்தாலும், வெடிப்பதற்கு முன் அது ஹைட்ரஜனைக் குறைக்காது.

நீதிமன்றத்தில் நடந்த ஒரு வேடிக்கை

1975 படத்தை எதிர்த்து ஹோலிங் வழக்குப் போட்டார். ஸ்பேல்தான் குற்றவாளி என்ற கோட்பாடு தன்னுடையது, யுனிவர்சல் ஸ்டுடியோ அதைத் திருடிவிட்டது என்பது புகார். 1980-ல் அமெரிக்க இரண்டாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வரலாற்று நிகழ்வுக்கு ஒருவர் தரும் விளக்கம், அது ஊகமாகவே இருந்தாலும், காப்புரிமைக்குள் வராது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கை இன்றைக்கும் படிக்கிறார்கள்.

சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கு எதைப் பற்றியது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு இளைஞன் 35 பேரின் சாவுக்குக் காரணம் என்ற கதை யாருக்குச் சொந்தம் என்று இரு தரப்பு சண்டை போட்டது. அந்தக் கதை உண்மையா என்று நீதிமன்றம் விசாரிக்கவில்லை. அது அதன் வேலையும் இல்லை.

அந்த வேலை நம்முடையது. அடுத்த முறை ஒரு விபத்துச் செய்தியோடு "இது சதி" என்ற ஃபார்வர்டு வந்தால், அந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள். நேரம் பொருந்துகிறதா? எஞ்சியிருக்க வேண்டிய தடயம் இருக்கிறதா? சொல்பவருக்கு அதில் என்ன லாபம்? சதி இல்லாமலே இது நடக்குமா? நான்குக்கும் பதில் வந்த பிறகு ஒரு பெயரைச் சொல்லலாம். எரிக் ஸ்பேல் விஷயத்தில் பெயர் முதலில் வந்தது. பதில்கள் இன்னும் வரவில்லை.